கேர்னல் விழுவது ஓரிடம், பிழை வேறிடம்

திருகோணமலை கோணேசபுரி வளாகத்தில் லினக்ஸ் ட்ரைவர் எழுதிப் பழகும் தம்பி தங்கச்சிமாருக்கு இது. கேர்னல், அதாவது லினக்ஸின் மையப் பகுதி, ஒவ்வொரு தடவையும் வெவ்வேறு இடத்தில் விழுந்தால், விழுந்த இடத்தையே தோண்டிக்கொண்டிருக்க வேண்டாம். அங்கே அகப்படுவது பெரும்பாலும் அடிபட்ட கோட்தான், அடித்தது வேறு.

முதலில் பூட் வரியில் (கேர்னல் தொடங்கும்போது கொடுக்கும் கட்டளை வரி) ஸ்லப் டீபக்கைப் (slub_debug) போடுங்கள்; ஸ்லப் என்பது கேர்னலுக்குள் நினைவகத்தை ஒதுக்கித் தரும் பகுதி. ஊப்ஸ் செய்தியில், அதாவது கேர்னல் விழும்போது அச்சிடும் பிழை அறிக்கையில், ரெஜிஸ்டருக்குள் 6பி6பி6பி என்று வரிசையாக நின்றால், விடுவித்த நினைவகத்தை ஏதோ ஒரு கோட் இன்னும் தொடுகிறது என்று நம்பலாம், ஏனென்றால் அந்த இடத்தை ஸ்லப் அந்த பைட்டால்தான் நிரப்பி வைக்கும்.

சரி, அப்புறம் நினைவகப் பிழைகளைப் பிடிக்கும் கருவியான காசானோடு (KASAN) கேர்னலைத் திரும்பக் கம்பைல் செய்யுங்கள். ரேமில் எட்டில் ஒரு பங்கை எடுக்கும், வேகமும் குறையும், பரவாயில்லை. அறிக்கையில் மூன்று ஸ்டாக் (எந்த ஃபங்ஷன் எதைக் கூப்பிட்டது என்ற பட்டியல்) வரும்: தொட்டது, ஒதுக்கியது, விடுவித்தது. விடுவித்ததை முதலில் வாசியுங்கள். டைமரையோ வேர்க்கியூவையோ (பிறகு ஓட வைத்த வேலைகளின் வரிசை) நிறுத்தாமல் கேஃப்ரீ (kfree, நினைவகத்தை விடுவிக்கும் ஃபங்ஷன்) நடந்திருக்கிறதா என்று பாருங்கள்.