பிராண்டிவைன் தக்காளியில் அடி கறுத்தபோது

நியூ ஜெர்சியில் வீட்டுக்குப் பின்னால் பிராண்டிவைன் போட்டிருக்கிறேன். உருளைக்கிழங்குச் செடி மாதிரி இலை; நல்ல பழம் அரைக் கிலோவைத் தொடும். ஜூலையில் காய்களின் அடி கறுத்து அமுங்கியது. காயில் கால்சியம் குறைதான். உடனே முட்டை ஓடு போடச் சொல்வார்கள்; அது மட்கிச் சத்தாவதற்குள் சீசனே முடிந்துவிடும்! மண் பரிசோதனையில் கால்சியம் தாராளமாகவே இருந்தது. அதைக் காய்க்குக் கொண்டுபோகத் தண்ணீர்தான் சீராகக் கிடைக்கவில்லை: ஒரு வாரம் மண் வறண்டு கிடக்கும், அப்புறம் ஒரே கொட்டு மழை. சொட்டுநீர்க் குழாய் போட்டு, செடியைச் சுற்றி நாலு விரல் கனத்துக்கு வைக்கோல் பரப்பினேன். இலையைக் கொழிக்கவைக்கும் தழைச்சத்து (நைட்ரஜன்) உரத்தையும் நிறுத்தினேன். கறுத்த காய்கள் தேறாது, கிள்ளி எறிந்தாயிற்று. ஆகஸ்டில் வந்தவை சுத்தம். காம்புப் பக்கம் கொஞ்சம் வெடிப்பு உண்டு, இந்த ரகத்துக்கு அது பிறவிக் குணம். வெடித்தவை ரசத்துக்குப் போகின்றன.