போர்ஷே 997-இல் பிரேக் பேடும் தேய்மான சென்சாரும் மாற்றும் முறை

2004-இல் அறிமுகமான 997 தலைமுறை போர்ஷே 911-க்கு எழுதிய குறிப்பு இது. கரேரா, கரேரா எஸ் இரண்டிலும் நான்கு சக்கரத்திலும் நான்கு பிஸ்டன் காலிப்பர்தான் (பேடை டிஸ்க்கில் அழுத்திப் பிடிக்கும் கவ்வி). கரேராவில் கறுப்பு, எஸ்-இல் சிவப்பு. மஞ்சள் காலிப்பர் என்றால் உள்ளே செராமிக் டிஸ்க். அதற்குப் பேடும் வேறு, கையாளும் விதமும் வேறு. இங்கே சொல்வது இரும்பு டிஸ்க்குக்கு மட்டும்.

முதலில் சென்சார். ஒரு பிளாஸ்டிக் தலைக்குள் போய் வளைந்து திரும்பும் சாதாரண வயர்தான் அது. ஒவ்வொரு சக்கரத்துக்கும் ஒரு சென்சார். அதில் இரண்டு தலைகள், உள்பக்கப் பேடுக்கு ஒன்று, வெளிப்பக்கப் பேடுக்கு ஒன்று. பேட் தேய்ந்து எல்லைக்கு வரும்போது டிஸ்க் அந்தத் தலையை உரசி வயரை அறுக்கிறது. சுற்று அறுந்ததும் டாஷ்போர்டில் எச்சரிக்கை வருகிறது. எந்தச் சக்கரம் என்று அது சொல்லாது. ஆகவே நான்கையும் கழற்றிப் பார்க்க வேண்டும். உரசு பொருள் 2 மி.மீ. ஆகிவிட்டால் விளக்கு எரிந்தாலும் எரியாவிட்டாலும் மாற்றியே தீர வேண்டும்.

சென்சாரின் பிளாஸ்டிக் மட்டும் உரசியிருந்தால் திரும்பப் போடலாம். செம்பு தெரிந்தால் கூடாது. ஆனாலும் பேட் மாற்றும்போதே சென்சாரையும் மாற்றிவிடுவது நல்லது. சூட்டில் வெந்து வெந்து வயரின் உறை சுள்ளி மாதிரி ஆகிவிடும். பழைய பேடிலிருந்து பிடுங்கும்போதே பாதி உடைந்துபோகும். முன்பக்கச் சென்சாரும் பின்பக்கச் சென்சாரும் ஒன்றல்ல, பார்த்து வாங்குங்கள்.

ஓர் அச்சுக்கு (முன் அல்லது பின் சக்கர ஜோடிக்கு) வேண்டியவை: பேட் நான்கு, சென்சார் இரண்டு, பேடைப் பிடிக்கும் பின் (pin)–கிளிப்–ஸ்பிரிங் தகடு இரண்டு செட், பிஸ்டனில் உட்காரும் அதிர்வு டேம்பர் எட்டு, காலிப்பர் போல்ட் நான்கு. இந்த போல்ட்டைக் கழற்றினால் புதிதாகப் போடுவதே முறை. கருவிகளில் டார்க் ரெஞ்ச் (முறுக்கு விசையை அளந்து இறுக்கும் ஸ்பேனர்) இல்லாமல் இறங்க வேண்டாம். 19 மி.மீ. சாக்கெட், பின்னைத் தட்டி வெளியேற்ற மெல்லிய துளைக்கம்பி, சுத்தியல், பிஸ்டன் தள்ளும் கருவி, கம்பி பிரஷ், பிரேக் கிளீனர், ஒரு சிரிஞ்ச் ஆகியவையும் வேண்டும்.

வண்டி தரையில் இருக்கும்போதே வீல் போல்ட்டைச் சற்றுத் தளர்த்துங்கள். பிறகு ஜாக்கி வைத்துத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஜாக்கியை மட்டும் நம்பிக் கைவிடக் கூடாது. தரையில் நிற்கும் சக்கரங்களுக்குக் கட்டை கொடுங்கள். 997-இல் வீலை மாட்டி வைக்க நிலையாக நீட்டியிருக்கும் ஸ்டட் கிடையாது, போல்ட்தான். வண்டியோடு வரும் வழிகாட்டிப் பின்னை ஒரு துளையில் திருகிக்கொண்டால் வீல் நழுவி காலிப்பர் மேல் கீறாது. முன் மூடியைத் திறந்து, பிரேக் ஆயில் கலத்திலிருந்து சிரிஞ்சால் கொஞ்சம் எடுத்துவிடுங்கள். பிஸ்டனை உள்ளே தள்ளும்போது ஆயில் திரும்பி ஏறும். வழிந்தால் பெயின்டைத் தின்றுவிடும். பட்டுவிட்டால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவுங்கள்.

ஒரு நேரத்தில் ஒரு சக்கரம் மட்டும். சென்சார் வயர் எந்த வழியாகப் போகிறது என்று போனில் படம் எடுத்துவைத்துக்கொண்டு, இரண்டு தலைகளையும் பேடின் பிளவிலிருந்து உருவுங்கள். வயரைப் பிடித்து இழுக்காமல் தலையைப் பிடித்து இழுக்க வேண்டும். பழைய பேட்கள் உள்ளே இருக்கும்போதே அவற்றை விரித்து பிஸ்டன்களை நிதானமாகப் பின்னுக்குத் தள்ளுங்கள். நான்கும் ஒரே ஆயில் வழியில் இருப்பதால் ஒன்றைத் தள்ளினால் இன்னொன்று வெளியே வரும். மாறி மாறித் தள்ளுங்கள். பின்பக்கத்திலும் நேராகத் தள்ளினால் போதும், திருக வேண்டியதில்லை. 997-இன் ஹேண்ட் பிரேக் பின் டிஸ்க்கின் நடுவே உள்ள தனி டிரம்மில் இருக்கிறது. அதற்கும் இந்தப் பேடுக்கும் தொடர்பில்லை.

கிளிப்பை எடுத்து, ஸ்பிரிங் தகட்டை விரலால் அழுத்திக்கொண்டு, கிளிப் இருந்த முனையிலிருந்து பின்னைத் தட்டி வெளியேற்றுங்கள். பேட் அதோடு வந்துவிடாது. அதன் முதுகில் டேம்பர் பசையால் ஒட்டியிருக்கும், டேம்பரின் நகங்கள் பிஸ்டனுக்குள் கவ்வியிருக்கும். தகட்டுச் சுரண்டியை இடையே விட்டுப் பிரிக்க வேண்டும். பிஸ்டனின் தூசிக் காப்பு ரப்பரில் சுரண்டி படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். காலிப்பரைக் கழற்றினால் இந்த வேலை பாதியாகக் குறையும். பிரேக் பைப்பின் பிடிமானத்தைத் தளர்த்தினால் ஆயில் லைனைத் திறக்காமலே காலிப்பரை நகர்த்தலாம். அதைக் கம்பியில் கட்டித் தொங்கவிடுங்கள், ஹோஸில் தொங்கக் கூடாது. பேட் வெளியே இருக்கும்போது பிரேக் மிதியை யாரும் தொடக் கூடாது.

அடுத்துச் சொல்வதில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். பேடின் காதுகள் (இரு ஓரங்களிலும் நீட்டியிருக்கும் முனைகள்) உரசும் இடத்தில் மெல்லிய எஃகுத் தகடுகள் காலிப்பரில் திருகப்பட்டிருக்கும். உப்பும் ஈரமும் சேர்ந்து தகட்டுக்கு அடியில் அலுமினியம் வெள்ளையாகப் பூத்து, தகட்டை மேலே தூக்கிவிடும். இடம் குறுகிப் பேட் சிக்கிக்கொள்ளும். பிரேக்கை விட்டாலும் டிஸ்க்கை விட்டு விலகாது. பேட் சரிவாகத் தேய்ந்திருந்தாலோ, உள்பேடுக்கும் வெளிப்பேடுக்கும் தடிமன் வெகுவாக வேறுபட்டாலோ முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான். புதிய பேடை ஸ்பிரிங் இல்லாமல் செருகிப் பாருங்கள்: விரலால் தள்ளினால் வழுக்கிப் போக வேண்டும். இல்லையென்றால் தகட்டின் திருகைக் கழற்றி, அடியில் பூத்திருப்பதைச் சுரண்டி, புதிய திருகு போட வேண்டும். பழைய திருகு எளிதில் முறியும், முதலில் சூடு காட்டுங்கள். பேடின் காதை அரம் வைத்துத் தேய்த்து நுழைக்கிறவர்களும் உண்டு. அது நோயை விட்டுவிட்டு வலிக்கு மருந்து போடுவது. தகடு இன்னும் எழும்பும்போது அந்தப் பேடும் சிக்கும்.

டிஸ்க்கின் தடிமனையும் இப்போதே அளந்துவிடுங்கள். குறைந்தபட்ச அளவு டிஸ்க்கின் நடுப்பகுதியில் பொறிக்கப்பட்டிருக்கும். அதைத் தொட்டுவிட்ட டிஸ்க்கில் புதுப் பேட் போடுவது வீண்.

பொருத்தும்போது பிஸ்டன்கள் முழுக்க உள்ளே போயிருக்க வேண்டும். ஒரே காலிப்பரில் இரண்டு விட்டத்தில் பிஸ்டன் இருந்தால் டேம்பரும் இரண்டு அளவில் வரும். மாற்றி அழுத்தினால் உட்காராது. டேம்பரை பிஸ்டனில் அழுத்திய பிறகு பசைத் தாளை உரித்து, சுத்தமான பேடைச் செருகுங்கள். சூடு தாங்கும் பேஸ்ட் பேடின் காதில் மட்டும், மெல்லிசாக. பேடின் முதுகில் தடவினால் பசை பிடிக்காது, கிறீச்சிடும் சத்தம் கிளம்பும். காலிப்பர் போல்ட்டின் இறுக்கம் 85 நியூட்டன் மீட்டர். ஸ்பிரிங் தகடு, பின், கிளிப் ஆகியவற்றைப் போட்டு, சென்சார் தலைகளைப் பிளவில் கடைசி வரை தள்ளுங்கள். படத்தில் இருந்த வழியிலேயே வயரைக் கொண்டுபோய் இணைப்பானை டிக் என்று கேட்கும் வரை அழுத்துங்கள். முன்சக்கரத்தில் ஸ்டீயரிங்கை இரு பக்கமும் முழுக்கத் திருப்பி, வயர் வீலில் உரசவில்லை, எங்கும் இழுபடவில்லை என்று பாருங்கள்.

வீல் போல்ட் 130 நியூட்டன் மீட்டர், குறுக்காக மாற்றி மாற்றி.

வண்டியை நகர்த்துவதற்கு முன் மிதியைச் சிறிது சிறிதாகப் பலமுறை அழுத்தி, கல் மாதிரி நிற்கும்படி செய்யுங்கள். இதை மறந்தவருக்கு முதல் மிதி தரையைத் தொடும், வண்டி நிற்காது. பிறகு ஆயில் அளவைப் பாருங்கள். ஆயில் மாற்றி இரண்டு வருடம் ஆகியிருந்தால் இதே வேலையோடு புது டாட் 4 வகை பிரேக் ஆயில் ஊற்றி லைனில் காற்றெடுத்துவிடலாம்.

இக்னிஷன் போட்டதும் எச்சரிக்கை போய்விட வேண்டும். போகவில்லையென்றால் பெரும்பாலும் இணைப்பான் முழுதாக உட்கார்ந்திருக்காது, அல்லது நீங்கள் தொடாத அச்சில் ஒரு சென்சார் அறுந்திருக்கும். கழற்றிய சென்சாரை மல்டிமீட்டரில் வைத்தால் தெரிந்துவிடும்: வயர் முழுதாக இருந்தால் பீப் கேட்கும்.

புதுப் பேடும் டிஸ்க்கும் ஒன்றோடொன்று பொருந்தச் சில நூறு கிலோமீட்டர் ஆகும். அதுவரை அவசரம் என்றால் தவிர முழு பிரேக் வேண்டாம். காலியான சாலையில் 100-லிருந்து 30 கி.மீ. வேகத்துக்கு மிதமாகப் பத்து முறை குறைத்து, ஒவ்வொன்றுக்கும் நடுவே காற்றாட ஓடவிடுங்கள். டிஸ்க் கொதிக்கும்போது மிதியை அழுத்தியபடி நிற்காதீர்கள். பேடின் பொருள் ஒரே இடத்தில் ஒட்டி, பிறகு ஸ்டீயரிங்கில் நடுக்கம் வரும்.