பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்தில் விசேட உதவி கேட்பது எப்படி? யாழ்ப்பாணப் பெற்றோருக்கு

"கெட்டிக்காரன்தான், ஆனால் கவனம் இல்லை." வகுப்பாசிரியர் இப்படிச் சொல்வதை மட்டும் பிடித்துக்கொண்டு போனால் வைத்தியசாலையிலும் சரி, வலயக் கல்விப் பணிமனையிலும் சரி, காரியம் நகராது. எப்போது, எந்த வேலையில், என்ன நடந்தது என்பது எழுத்தில் இருக்க வேண்டும்.

ஆகவே முதல் வேலை ஒரு கொப்பி. இரண்டு கிழமைக்குத் திகதி போட்டு எழுதுங்கள், வகுப்பாசிரியரையும் எழுதித் தரக் கேளுங்கள். ஒரு குறிப்பு இப்படி இருக்கலாம்: "திங்கள், தமிழ்ப் பாடம். கரும்பலகையில் இருந்த ஐந்து வரியில் இரண்டைத்தான் எழுதினான். ட, ப மாறின. அதே வரிகளை ஆசிரியர் சொல்லச் சொல்லப் பிழையில்லாமல் எழுதினான்." சொன்னால் எழுதுகிறவன் பார்த்து எழுதத் திணறினால் முதலில் கண்ணைப் பாருங்கள். பார்த்து எழுதுகிறவன் சொல்வதெழுதலில் சொற்களை விட்டால் காதைப் பாருங்கள். இரண்டும் சரியாக இருந்தும் எழுத்துக் கூட்டி வாசிக்க முடியாவிட்டால் அது வேறு கதை: வாசிப்பதிலேயே கற்றல் சிரமம் இருக்கலாம். சோம்பேறி என்று அடிப்பதால் இந்த மூன்றில் ஒன்றும் மாறாது.

1, 4, 7, 10ஆம் தரங்களில் பாடசாலை வைத்தியப் பரிசோதனை நடக்கும். அன்று பிள்ளை வராமல் விட்டால் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் கேட்டு அதை எப்படியும் செய்வித்துக்கொள்ளுங்கள். மேலதிகமாகப் பார்க்கச் சொன்னால் யாழ். போதனா வைத்தியசாலை இருக்கிறது. மந்திகை, தெல்லிப்பழை, சாவகச்சேரி ஆதார வைத்தியசாலைகளில் ஏதாவது ஒன்று கிட்ட இருந்தால் முதலில் அங்கே விசாரியுங்கள். காதில் ஒரு சிக்கல்: சளி பிடித்த பிள்ளைக்கு நடுக்காதில் நீர் தேங்கினால் சில கிழமை கேட்கும் திறன் குறையும், பிறகு திரும்பும். பரிசோதனை நாளில் நன்றாகக் கேட்டது என்பதற்காகச் சந்தேகத்தைக் கைவிட வேண்டாம். கொப்பியை டொக்டரிடம் காட்டுங்கள்.

டொக்டர் தரும் துண்டில் நோயின் பெயர் மட்டும் இருந்தால் பள்ளிக்கூடத்துக்கு அதனால் பெரிய பயன் இல்லை. "வகுப்பில் இவருக்கு என்ன தேவை?" என்று கேட்டு அதையும் எழுதுவியுங்கள்: முன் வாங்கில் இருக்கை, பெரிய எழுத்தில் வினாத்தாள், மேலதிக நேரம், ஆசிரியர் முகம் தெரியும்படி நின்று பேசுதல். மூலப்பிரதி வீட்டில், போட்டோப்பிரதி மட்டும் வெளியே.

அடுத்து அதிபருக்குக் கடிதம். ஒரு பக்கம் போதும்: பிள்ளையின் பெயர், தரம், கவனித்த மூன்று விடயங்கள், டொக்டரின் பரிந்துரை, நீங்கள் கேட்பது. உங்கள் பிரதியில் கிடைத்ததாகத் திகதியும் கையொப்பமும் வாங்குங்கள். இதற்குச் சங்கடப்படத் தேவையில்லை. அதிபர் மாறினால் அந்தத் தாள்தான் பேசும்.

விசேட கல்வி அலகு (விசேட தேவையுள்ள பிள்ளைகளுக்கான தனி வகுப்பு) உள்ள பாடசாலை என்றால் பிள்ளையை அங்கே விடச் சொல்வார்கள். உடனே தலையாட்ட வேண்டாம், உடனே மறுக்கவும் வேண்டாம். நாள் முழுக்கவா, சில பாடங்களுக்கா, சங்கீதமும் விளையாட்டும் வழமையான வகுப்போடா என்று கேளுங்கள். நெடுநாள் பாடசாலை வராததால் பின்தங்கிய பிள்ளைக்குத் தேவை பரிகாரக் கற்பித்தல், அதாவது விடுபட்ட பாடங்களைத் திரும்பச் சொல்லிக் கொடுப்பது. அலகு அதற்கான இடம் அல்ல. பாடசாலை பிள்ளைக்கென்று தனிக் கற்பித்தல் திட்டம் எழுதினால் இலக்கை எண்ணிப் பார்க்க முடிய வேண்டும். "வாசிப்பில் முன்னேறுவார்" என்று எழுதுவது யாரையும் கட்டுப்படுத்தாது. "தவணை முடிவில் இருபது சொற்களில் பதினைந்தை உதவியில்லாமல் வாசிப்பார்" என்று எழுதினால், தவணை முடிவில் நீங்கள் போய்க் கேட்கலாம்.

அலகு இல்லாவிட்டால் யாழ்ப்பாணம், வலிகாமம், வடமராட்சி, தென்மராட்சி, தீவகம் ஆகிய ஐந்தில் உங்கள் வலயக் கல்விப் பணிமனைக்குப் போய் விசேட கல்விக்குப் பொறுப்பான அதிகாரியைச் சந்தியுங்கள். கேட்கும் திறன் அல்லது பார்வை முற்றாகவோ பெருமளவோ இல்லாத பிள்ளைக்குக் கைதடி நவீல்ட் பாடசாலை இருக்கிறது. அறிவு வளர்ச்சி குன்றிய பிள்ளைக்குக் கோண்டாவில் சிவபூமி பாடசாலை.

சேர்க்க மாட்டோம் என்றால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டப்படி மாற்றுத்திறனைக் காரணம் காட்டிக் கல்வி நிறுவனத்தில் அனுமதி மறுக்க முடியாது. 5 முதல் 16 வயது வரை கல்வி கட்டாயம். பெரும்பாலும் கடிதம் கேட்டவுடனேயே பேச்சின் தொனி மாறும். மாறாவிட்டால் வலயப் பணிமனை, அதற்குப் பிறகு மனித உரிமைகள் ஆணைக்குழுவின் யாழ். அலுவலகம்.

பலரும் கோட்டை விடுவது பரீட்சைச் சலுகையில்தான். புலமைப்பரிசில், சாதாரண தரம் இரண்டுக்கும் மேலதிக நேரம், பெரிய எழுத்து, பிரெயில், எழுதுபவர் (பிள்ளை சொல்லும் விடையை எழுதித் தருபவர்) போன்றவற்றை அதிபர் ஊடாக, மருத்துவச் சான்றுடன் பரீட்சைத் திணைக்களத்திடம் கேட்கலாம். அனுமதி அட்டை வந்த பிறகு ஓடினால் வீண். விண்ணப்பம் நிரப்பும்போதே கேளுங்கள். தவணைப் பரீட்சைகளிலும் அதே சலுகையைக் கொடுக்கச் சொல்லுங்கள். எழுதுபவருக்குக் கணக்கை வாயால் படிப்படியாகச் சொல்வது பழகாத பிள்ளைக்குச் சுலபமில்லை: பின்னம், அடைப்புக்குறி, கோட்டுப்படம் எல்லாம் சொல்லில் வர வேண்டும். ஒரு வருடமாவது பழக்கம் வேண்டும்.

மாதாந்தக் கொடுப்பனவு, மூக்குக்கண்ணாடி, கேட்கும் கருவி போன்றவற்றுக்குப் பள்ளிக்கூடத்தில் நிற்க வேண்டாம். விதானையாரின் உறுதிப்படுத்தலோடு பிரதேச செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தரைப் பாருங்கள்.

5ஆம் தரம் முடிந்து பாடசாலை மாறும்போது இந்தக் கடிதங்களும் சான்றுகளும் தானாகப் பின்னால் வராது. விடுகைப் பத்திரம் எடுக்கும் அன்றே தனித் திட்டத்தின் பிரதியையும் வாங்கி, முதல் கிழமையிலேயே புதிய வகுப்பாசிரியரின் கையில் கொடுங்கள்.