கால்நடை நோயை வேண்டுமென்றே பரப்பியவர் மீது புகார்: எந்தச் சட்டம், என்ன ஆதாரம்

கோமாரி கண்ட மாட்டைச் சந்தைக்கு ஓட்டுவது, செத்த ஆட்டை ஏரியில் தள்ளுவது, பகைக்காக அடுத்தவர் பட்டிக்குள் நோயை விடுவது. மூன்றுக்கும் ஒரே சட்டத்தின் கீழ் மனு எழுதுவதால்தான் பல புகார்கள் அபராதத்தோடு முடிந்துவிடுகின்றன.

முதல் இரண்டும் 2009-ஆம் ஆண்டின் மத்திய கால்நடைத் தொற்றுநோய்த் தடுப்புச் சட்டத்துக்குள் வரும். நோயுற்ற விலங்கைச் சந்தைக்குக் கொண்டுவந்தால் 32-ஆம் பிரிவில் 1,000 ரூபாய் வரை அபராதம். மறுபடியும் செய்தால் 2,000 ரூபாய் அல்லது இரண்டு மாதம் வரை சிறை. நோய் இருந்தது என்று தெரிந்த விலங்கின் சடலத்தை நீர்நிலையில் போட்டால் 33-ஆம் பிரிவு: 2,000 ரூபாய், மறுமுறை 5,000 ரூபாய் அல்லது மூன்று மாதம் வரை சிறை. ஒரு வெள்ளாட்டின் விலைகூடத் தேறாது. இங்கிலாந்தில் 2001 கோமாரிக்குப் பிறகு, விலங்குக்கு வேண்டுமென்றே நோயேற்றுவதைத் தனிக் குற்றமாக்கி இரண்டாண்டு வரை சிறை வைத்தார்கள். நம் சட்டத்தில் அப்படியொரு பிரிவு இல்லை.

ஆகவே பகைக்காகச் செய்தது என்றால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 325-ஆம் பிரிவைக் குறிப்பிட்டு எழுதுங்கள் (பழைய இ.பி.கோ. 429). விலங்கைக் கொல்வது, நஞ்சிடுவது, ஊனமாக்குவது, பயனற்றதாக்குவது ஆகியவற்றுக்கு ஐந்தாண்டு வரை சிறை. நட்டம் வரும் என்று தெரிந்தே செய்தார் என்று காட்டினாலே போதும். மாடு பிழைத்துப் பால் வற்றிவிட்டால், 'பயனற்றதாக்கியது' என்பதற்குப் பால் சங்க அட்டைதான் கைகொடுக்கும். நோய்க்கு முந்தைய மாதங்களின் அளவையும் சேர்த்துக் கொடுங்கள்.

போலீசுக்குப் போகும் முன் கால்நடை உதவி எண்ணான 1962-க்கு அழையுங்கள். வி.ஏ.ஓ.விடமோ ஊராட்சியிலோ எழுத்தில் சொல்லி நகல் வாங்குங்கள். நோய்கண்ட மாட்டைத் தனியே கட்டுங்கள். தகவல் சொல்வதும் பிரித்துக் கட்டுவதும் 2009 சட்டத்தின் 4, 5-ஆம் பிரிவுகளின்படி உரிமையாளரின் கடமை. இதைச் செய்யாமல் போனால் எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் உங்களைத்தான் பிடிப்பார்.

கோமாரி என்றால், மாதிரி எடுக்கும்வரை மாட்டின் வாயைக் கழுவி மருந்து தடவாதீர்கள். ஆய்வுக்கு வேண்டியது கொப்புளம் உடைந்து தொங்கும் அந்தத் தோல்தான். கழுவினால் அது போய்விடும். தடுப்பூசி போட்ட தேதியையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். ஊசியால் வந்த எதிர்ப்புப் புரதத்தையும் தொற்றால் வந்ததையும் பிரித்தறிய வேறு சோதனை உண்டு. உங்கள் பட்டியிலும் எதிர்த்தரப்பின் பட்டியிலும் 'ஓ' வகைக் கோமாரிக் கிருமி என்று வந்தாலே போதும் என்று நினைக்க வேண்டாம். இந்தியாவில் அதிகம் பரவுவதே அந்த வகைதான். இரண்டு கிருமிகளின் மரபணு வரிசை ஒத்துப்போனால் புகாருக்கு வலு கூடும்.

மாடு திடீரென்று செத்து, மூக்கிலும் ஆசனவாயிலும் உறையாத கருரத்தம் கசிந்தால் அடைப்பானாக (ஆந்த்ராக்ஸ்) இருக்கலாம். ஆதாரம் வேண்டுமென்று சடலத்தை அறுத்துவிடாதீர்கள். அதன் வித்துகள் மண்ணில் பல்லாண்டு கிடக்கும். காது நரம்பு ரத்தம் போதும், அதையும் மருத்துவர்தான் எடுக்க வேண்டும்.

கோமாரி வெளிப்பட 2 முதல் 14 நாள் ஆகும். கொப்புளம் தெரிவதற்கு முந்தைய 14 நாளில் பட்டிக்குள் வந்த ஆள், மாடு, வைக்கோல் வண்டி, சினை ஊசி போட வந்தவர் என எல்லாவற்றையும் தேதியோடு எழுதுங்கள். நேற்று வந்தவர் மேல் இன்றைய கொப்புளத்தைச் சுமத்தினால் வழக்கு அங்கேயே விழுந்துவிடும்.

புகார் கொடுத்ததும், அதைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்குங்கள். இந்தத் தண்டனை அளவுள்ள குற்றத்துக்கு டி.எஸ்.பி. அனுமதியோடு 14 நாள் வரை முதல்கட்ட விசாரணை நடத்தலாம், எப்.ஐ.ஆர். உடனே வராததற்கு அதுவும் காரணமாக இருக்கலாம். பதிவு செய்யவே மறுத்தால் எஸ்.பி.க்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள், அங்கும் நடவடிக்கை இல்லையென்றால் மாஜிஸ்திரேட்டிடம் மனு.