மாசாய் மாராவில் குடும்ப லாட்ஜா? இந்தத் தப்புகளைச் செய்யாதீர்கள்

கென்யாவின் மாசாய் மாரா பக்கம் குடும்பமாக நடத்தும் சின்ன லாட்ஜ்கள் இருக்கின்றன. சில கூடாரங்கள், சோலார் கரண்ட், எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட ஒரு நீள மேஜை, அவ்வளவுதான். ஸ்டார் ஹோட்டல் நினைப்பில் போகிறவர்கள்தான் அங்கே சொதப்புகிறார்கள்.

சொதப்பல் புக்கிங்கிலேயே ஆரம்பிக்கும். லாட்ஜ் மாரா வனவிலங்குக் காப்பகத்துக்குள் இருக்கிறதா, பக்கத்தில் உள்ள கன்சர்வன்சியில், அதாவது தனியார் நிலத்தில் நடக்கும் வனவிலங்குப் பகுதியில் இருக்கிறதா என்று கேட்காமலே பணம் கட்டிவிடுவார்கள். காப்பகத்தில் ராத்திரி சஃபாரி கிடையாது, கன்சர்வன்சிகளில் பெரும்பாலும் உண்டு, வழிகாட்டியோடு காலாற நடந்தும் வரலாம். கட்டணமும் தனித்தனி. காப்பகத்துக்குள் போக வெளிநாட்டவருக்கு 2024 முதல், ஜூலையிலிருந்து டிசம்பர் வரை, ஒரு நாளைக்கு 200 டாலர். அறை வாடகையில் எந்தக் கட்டணம் சேர்ந்திருக்கிறது என்று மெயிலில் எழுதி வாங்கிவிடுங்கள்.

கன்சர்வன்சி நிலம் மாடு மேய்க்கும் மாசாய் இனக் குடும்பங்களுடையது, லாட்ஜ்கள் அவர்களுக்குக் குத்தகைப் பணம் கொடுக்கின்றன. 2010இல் தொடங்கிய நபோய்ஷோ என்ற கன்சர்வன்சியில் மட்டும் நில உரிமையாளர்கள் சுமார் 500 பேர். அதனால் நேற்று சிங்கம் படுத்திருந்த புல்வெளியில் இன்று மாட்டு மந்தை மேயலாம். இவ்வளவு செலவழித்து வந்து மாட்டையா பார்ப்பது என்று வண்டியில் உட்கார்ந்து சலித்துக்கொள்ளாதீர்கள். உங்களுக்கு வண்டி ஓட்டுகிற வழிகாட்டியின் வீட்டு மாடாகவே அது இருக்கலாம்.

அந்த வழிகாட்டியை "சிறுத்தை எங்கே, சிறுத்தை எங்கே" என்று நச்சரிப்பது அதைவிடப் பெரிய தப்பு. கென்யாவில் சஃபாரி வழிகாட்டிகளுக்குத் தேர்வு வைத்து வெண்கலம், வெள்ளி, தங்கம் என்று தகுதி கொடுக்கிறார்கள், சட்டையில் பேட்ஜ் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அவர் போக்கிலேயே விட்டுவிடுங்கள். அவர் இன்ஜினை அணைத்தால் சும்மா இருங்கள், வண்டிக்குள் திடீரென்று எழுந்து நிற்காதீர்கள். சிங்கம் வண்டியை மொத்தமாக ஒரே உருவமாகத்தான் பார்க்கும், நீங்கள் தனியாகத் தெரிந்தால் கதை வேறு. ஒரே ராத்திரி தங்கிவிட்டு ஒன்றும் பார்க்கவில்லை என்பவர்களும் உண்டு, மூன்று ராத்திரிக்குக் குறைத்து நான் யாருக்கும் சொல்லவே மாட்டேன்.

சாப்பாடு. வெஜிடேரியன் என்று ஒரு வார்த்தை எழுதினால் முட்டை கண்டிப்பாக வரும், சூப்பில் கோழி வேகவைத்த தண்ணீரும் இருக்கலாம். எது எது ஆகாது என்று புக் செய்யும்போதே விவரமாகச் சொல்லுங்கள், ஏனென்றால் சரக்கெல்லாம் நரோக்கிலிருந்தோ நைரோபியிலிருந்தோ வரவேண்டும், போய் இறங்கிய பிறகு கேட்டால் சமையல்காரர் பாவம் என்ன செய்வார்? மற்றபடி சப்பாத்தி கென்யாவில் வீட்டுச் சாப்பாடு, பட்டினி கிடக்க மாட்டீர்கள்.

மாரா 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஆப்பிரிக்கா என்றாலே வெயில் என்று ஸ்வெட்டரை விட்டுவிட்டுப் போனால் விடியற்காலை திறந்த வண்டியில் பல் கிடுகிடுக்கும். ராத்திரி போர்வைக்குள் காலில் ஏதோ சூடாக, மெத்தென்று பட்டால் அலறாதீர்கள், அது அவர்கள் வைத்துவிட்டுப் போன வெந்நீர்ப் பை. அலறவேண்டிய சங்கதி வெளியே இருக்கிறது. பல லாட்ஜ்களுக்கு வேலி கிடையாது, நீர்யானை மேய்வது ராத்திரியில்தான். இருட்டிய பிறகு காவலாளி டார்ச்சோடு வந்து கூட்டிப்போகும்வரை கூடாரத்தை விட்டு நகரக்கூடாது, பத்தடி தூரம்தானே என்ற கணக்கெல்லாம் வேண்டாம். பிஸ்கட், பழம் எதையும் உள்ளே வைக்காதீர்கள், குரங்குகள் ஜிப்பைத் திறந்துவிடும்.

நைரோபியிலிருந்து சின்ன விமானத்தில் போவதென்றால் பொதுவாக 15 கிலோதான், அதுவும் துணிப்பையாக இருக்கவேண்டும், சக்கரம் வைத்த பெட்டி வேண்டாம். பிளாஸ்டிக் கேரி பேக் கென்யாவில் 2017 முதல் தடை.

கடைசியாக மஞ்சள் காய்ச்சல் ஊசி. கென்யாவிலிருந்து திரும்பும்போது இந்தியாவில் ஊசி போட்டதற்கான அட்டையைக் கேட்பார்கள், இல்லையென்றால் ஆறு நாள் வரை தனிமைப்படுத்தலாம். ஊசி போட்டு பத்து நாள் கழித்துத்தான் அது செல்லும், சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். டிக்கெட் போட்ட கையோடு போட்டுவிடுங்கள், அட்டையைக் கைப்பையில் வையுங்கள்.