சாப்ட்வேர் வகுப்பில் சேரும் முன்: நான் செய்த தவறுகள்

போன வாரம் மேலப்பாளையத்திலிருந்து ஒரு தம்பி லேப்டாப்போடு வந்தான். "அண்ணாச்சி, நாலு ப்ராஜெக்ட் முடிச்சிட்டேன். இன்டர்வியூல ஒண்ணுக்கும் பதில் சொல்ல முடியல." திறந்து பார்த்தால் நூலக மேலாண்மை. 2009-ல் வண்ணார்பேட்டையில் நான் செய்த அதே நூலக மேலாண்மை! பாட வகுப்பா, செய்முறைப் பயிற்சியா என்று கேட்டு வருகிற பலரும் நான் விழுந்த குழியில்தான் விழுகிறார்கள். லீவு போடாதே, குறிப்பு எடு என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். அதை விட்டுவிடுகிறேன்.

பார்த்து அடிப்பதைப் பயிற்சி என்று நம்புவது

இதை நினைத்தால் இன்றைக்கும் எரிச்சல் வரும். 'முழுக்க முழுக்கச் செய்முறை' என்று போர்டு. பதினெட்டாயிரம் ரூபாய், அப்பா சீட்டு எடுத்துக் கொடுத்த பணம். சார் திரையில் அடிப்பார், நாங்கள் பார்த்து அடிப்போம். யாருக்காவது ஓடாமல் நின்றால் "தள்ளு" என்று உட்கார்ந்து, நாலு வரி மாற்றிவிட்டுப் போவார். ஓடும். என்ன மாற்றினார் என்று கேட்கக் கூச்சம்.

சென்னையில் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், ஜாவாவில் எழுதிய வலைத்தளங்களை ஓட்டுகிற டாம்கேட் என்ற மென்பொருள் கிளம்பவே இல்லை. திரை நிறையப் பிழைச் செய்தி. அதுவரை ஒன்றைக்கூட நான் முழுசாகப் படித்ததில்லை. மேல் வரியை மட்டும் பார்த்துவிட்டு, ஒன்றரை நாள் ஜாவாவை அழித்து அழித்து நிறுவினேன். பக்கத்து சீட் அண்ணன் மவுசைத் தொடவில்லை. "கீழ போ. இன்னும் கீழ. வாசி" என்றார். 'அட்ரஸ் ஆல்ரெடி இன் யூஸ்', அதாவது அந்த இடத்தில் ஏற்கெனவே வேறு ஆள் இருக்கிறது என்றிருந்தது. கணினிக்குள் ஒவ்வொரு மென்பொருளும் தகவலை வாங்குகிற எண் போட்ட வாசலுக்குப் போர்ட் என்று பெயர்; டாம்கேட் வழக்கமாக உட்காருவது 8080 போர்ட்டில். முந்தின நாள் நான் போட்ட ஆரக்கிள் எக்ஸ்பிரஸ் எடிஷன் என்ற தரவுதள மென்பொருள், தன் வலைப்பக்கத்துக்காக அதே 8080-ல் உட்கார்ந்திருந்தது. ஒரு கோப்பில் 8081 என்று மாற்றினோம். இரண்டு நிமிட வேலை.

அதனால் பணம் கட்டுமுன் கேளுங்கள்: "எனக்கு ஓடாமல் நின்றால் என்ன செய்வீங்க?" "நாங்களே சரி பண்ணிக் கொடுத்துருவோம்" என்று பெருமையாகச் சொன்னால், கொடுத்த டீயைக் குடித்துவிட்டுத் திரும்பிவிடுங்கள். ஏற்கெனவே சேர்ந்தாச்சு என்றால், முடித்த ப்ராஜெக்டில் சார் சொல்லாத ஒன்றைச் சேர்த்துப் பாருங்கள். புத்தகத்தைத் தாமதமாகக் கொடுத்தால் நாளுக்கு ஒரு ரூபாய் அபராதம் வர வை என்றேன் தம்பியிடம். "வீடியோவுல அது இல்லையே அண்ணாச்சி" என்றான்.

பாடமே வேண்டாம் என்பது

"மத்தளம்பாறை ஜோஹோவுல டிகிரி இல்லாமலே எடுக்காவ, அப்புறம் பாடம் எதுக்கு?" என்று தென்காசிப் பக்கத்து மென்பொருள் நிறுவனத்தைக் காட்டுவார்கள். பள்ளி முடித்த பிள்ளைகளுக்காக ஜோஹோ தனிப் பள்ளியே தொடங்கி, உட்கார வைத்துப் பாடம் நடத்துவதை மட்டும் சொல்ல மாட்டார்கள்.

சில விஷயம் துழாவினால் அகப்படாது. ஜாவாவில் தசம எண்களுக்கான டபுள் வகையில் 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டினால் 0.30000000000000004 வரும். பாளையங்கோட்டை மளிகைக்கடைக்கு நான் எழுதிய பில் ப்ரோகிராமில் பைசா இடித்தபோது ராத்திரி முழுக்க என் கூட்டலையே சந்தேகப்பட்டேன். கணினி எண்களை 0, 1 என்றே வைக்கிறது, அதில் 0.1 முடியாமல் நீண்டுகொண்டே போகும், எங்கேயோ வெட்டித்தான் ஆக வேண்டும் என்பதைக் கல்லூரியில் நடத்திய அன்று நான் தூங்கியிருப்பேன். பிறகு எல்லாத் தொகையையும் பைசாவாக, முழு எண்ணாக வைத்துக் கணக்கிட்டேன். என்பிடெல் (NPTEL) என்ற இணையதளத்தில் ஐஐடி பேராசிரியர்களின் பாடங்கள் இலவசமாகவே கிடக்கின்றன. அடிபட்ட அன்றைக்கு அந்த ஒரு பாடத்தைத் தேடிக் கேளுங்கள். மண்டையில் நிற்கும்.

சான்றிதழுக்காகச் சேர்வது

ஃப்ரேம் போட்டு மாட்டலாம்.

ஒரே நேரத்தில் மூன்று மொழி

வேண்டாம்.

நாள் முழுக்க வகுப்பை அடுக்குவது

காலையில் வீடியோ, சாயங்காலம் பயிற்சி என்று அடுக்கினால் தனியாக உட்கார நேரம் இருக்காது. ஒரு மணி நேரம் கேட்டால் மூன்று மணி நேரம் நீங்களாக எழுதுங்கள். அந்த மூன்று மணி நேரமும் வீடியோ மூடியிருக்கட்டும்.