“இன்னும் ஒரே ஒரு வாய்டா கண்ணு!”: பிள்ளைகளின் சாப்பாட்டிலும் விளையாட்டிலும் நாம் செய்யும் தவறுகள்

“முன்னெல்லாம் குடுத்ததைச் சாப்பிட்டான், இப்ப வாயையே திறக்க மாட்டேங்கிறான்.” ஒன்றரை, இரண்டு வயதுப் பிள்ளை இருக்கும் வீட்டில் இந்தப் புலம்பலைக் கேட்காமல் திரும்ப முடியாது. உரம் விழுந்திருக்கும், சீர் தட்டியிருக்கும், கண் பட்டிருக்கும் என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். பசிக்கு டானிக் வாங்கி வருவார்கள். பெரும்பாலும் நடந்திருப்பது ஒன்றுதான்: பிள்ளையின் வளர்ச்சி வேகம் குறைந்திருக்கிறது. பிறக்கும்போது 3 கிலோ இருந்த குழந்தை ஒரு வயதில் ஏறக்குறைய 9 கிலோ ஆகிறது. ஒரே வருடத்தில் 6 கிலோ! இரண்டு வயதுக்குப் பிறகு வருடத்துக்கு 2 கிலோ ஏறினாலே அது சரியான வளர்ச்சி. முன்பு போல வளராத உடம்பு முன்பு போலச் சாப்பாடு கேட்காது.

இந்தக் கணக்கு தெரியாமல்தான் பாதி வீடுகளில் சாப்பாட்டு நேரம் போர்க்களமாகிறது. எப்போது பசிக்கிறது, எப்போது போதும் என்பது பிள்ளைக்குத் தெரியும். எப்போது ஓட வேண்டும் என்பதும் அதன் காலுக்குத் தெரியும். நாம் பயத்திலும் அவசரத்திலும் இந்த இரண்டையும் கையில் எடுத்துக்கொண்டு, பேரம் பேசி, மிரட்டி, கெஞ்சி, கடைசியில் சாப்பாடும் விளையாட்டும் பிள்ளைக்குப் பிடிக்காத வேலைகளாக ஆகும்படி செய்துவிடுகிறோம்.

கிண்ணமும் செல்போனும்

மாலை ஏழு மணிக்கு எந்தத் தெருவிலும் பார்க்கலாம். வாசல்படியில் அப்பத்தா. ஒரு கையில் பருப்புச் சோறு பிசைந்த கிண்ணம், இன்னொரு கையில் செல்போன். பாட்டு ஓடுகிறது, பிள்ளையின் கண் திரையில், வாய் தானாகத் திறந்து திறந்து மூடுகிறது. நடுவில் விளம்பரம் வந்ததும் வாய் இறுக மூடிக்கொள்ளும். அப்பத்தா பதறிப்போய், சோறு ஒட்டிய விரலால் திரையைத் தட்டி அடுத்த பாட்டைத் தேடுவார். முக்கால் மணி நேரத்தில் கிண்ணம் காலி. அவருக்குத் திருப்தி. ஆனால் என்ன சாப்பிட்டோம், வயிறு எப்போது நிறைந்தது என்று பிள்ளையைக் கேட்டால் அதற்குத் தெரியாது.

உலக சுகாதார நிறுவனம் 2019-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், ஒரு வயதுக் குழந்தைக்குத் திரையே வேண்டாம், 2 முதல் 4 வயது வரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்தைத் தாண்ட வேண்டாம் என்கிறது. மூன்று வேளையும் இப்படி ஊட்டினால் அந்த ஒரு மணி நேரம் மதியச் சாப்பாட்டோடு தீர்ந்துபோகும்.

இதற்கு மாற்றாகக் குழந்தை ஊட்டச்சத்து நிபுணர்கள் ஒரு பங்கீட்டைச் சொல்கிறார்கள். என்ன கொடுப்பது, எப்போது, எங்கே உட்கார்ந்து என்பதைப் பெரியவர்கள் முடிவு செய்ய வேண்டும். எவ்வளவு சாப்பிடுவது, சாப்பிடுவதா வேண்டாமா என்பது பிள்ளையின் முடிவு. கேட்பதற்கு எளிது, நம் வீடுகளில் கடைப்பிடிக்க ரொம்பக் கஷ்டம். அரை இட்லி வையுங்கள். கேட்டால் இன்னொரு அரை. தட்டு முன்னால் 20, 30 நிமிடம் இருக்கட்டும். அதற்கு மேல் திட்டாமல், முகத்தைத் தூக்கிக்கொள்ளாமல் எடுத்துவிடுங்கள். அடுத்த வேளை இரண்டு மூன்று மணி நேரத்தில் வந்துவிடும். நடுவில் தண்ணீர் மட்டும் போதும். “பிள்ளை பசியோட இருக்குமே” என்று மனசு அடித்துக்கொள்ளும்தான். அந்தப் பசிதான் அடுத்த வேளைக்குப் பிள்ளையைத் தட்டுக்கு அழைத்து வரும்.

கையால் பிசைந்து மேலெல்லாம் பூசிக்கொள்ளும். பூசிக்கொள்ளட்டும். கீழே பழைய சேலையை விரித்துவிட்டால் வேலை மிச்சம்.

பிள்ளை ஒல்லியாக இருப்பதைப் பார்த்து மட்டும் எதையும் முடிவு செய்யாதீர்கள். அங்கன்வாடியில் எடை போட்டு வளர்ச்சி அட்டையில் குறிப்பார்கள். அந்தக் கோடு ஏறிக்கொண்டே இருந்தால் கவலை வேண்டாம். கோடு படுத்துவிட்டாலோ கீழே இறங்கினாலோ டாக்டரிடம் போக வேண்டும். பக்கத்து வீட்டுப் பிள்ளையின் கன்னத்தோடு ஒப்பிட்டுக் கவலைப்படுவதால் ஒரு பிரயோஜனமும் இல்லை.

“காயைச் சாப்பிட்டா ஜிகர்தண்டா”

இதைச் சொல்லாத பெற்றோர் மதுரையில் குறைவு. அப்போதைக்கு வேலை நடந்துவிடும், காயும் உள்ளே போய்விடும். ஆனால் காய் என்பது சகித்துக்கொள்ள வேண்டிய தண்டனை, ஜிகர்தண்டா அதற்கான கூலி என்று பிள்ளை புரிந்துகொள்கிறது. அடுத்த முறை கூலி இல்லாமல் பீன்ஸ் இறங்காது. மதுரையில் வளரும் பிள்ளைக்கு ஜிகர்தண்டா எப்படியும் கிடைக்கத்தான் போகிறது. என்றைக்காவது டவுனுக்குப் போகும்போது எந்த நிபந்தனையும் இல்லாமல் வாங்கிக் கொடுங்கள். கீரையோடு அதை முடிச்சுப் போட வேண்டாம்.

இரண்டு வயதிலிருந்து ஐந்தாறு வயது வரை புதிதாக எதைப் பார்த்தாலும் பிள்ளைகள் விலகுவது இயல்பு. அதைப் பிடிவாதம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒரு புதிய காயைப் பிள்ளை ஏற்றுக்கொள்ள எட்டு முதல் பதினைந்து முறை வரைகூட அதைப் பார்த்து, முகர்ந்து, நக்கிப் பார்க்க வேண்டியிருக்கும். நாம் மூன்றாவது முறையிலேயே “அவனுக்குக் கோவக்காய் பிடிக்காது” என்று ஊருக்கெல்லாம் அறிவித்துவிடுகிறோம். பிள்ளையும் அதைக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது. அப்புறம் அந்தப் பெயரைக் காப்பாற்றுவது அதன் கடமையாகிவிடும்! ஒரே ஒரு துண்டை, பிடித்த சாதத்துக்குப் பக்கத்தில், ஒன்றும் பேசாமல் வைத்துக்கொண்டே வாருங்கள். தின்றாலும் பாராட்டு மழை வேண்டாம், தின்னாவிட்டாலும் பேச்சு வேண்டாம்.

இதில் அப்பாக்களின் பங்கு பெரியது. சாம்பாரில் இருக்கும் கத்தரிக்காயைத் தேடித் தேடித் தட்டு ஓரத்தில் ஒதுக்கிவிட்டு, “வெஞ்சனத்தைத் தொட்டுச் சாப்பிடு” என்று பிள்ளையை அதட்டுபவர்களை நிறையப் பார்க்கலாம். பிள்ளைக்குக் காது கேட்பதைவிடக் கண் நன்றாகத் தெரியும்.

முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரை சிம்மக்கல்லில் உள்ள ஆதிமூலம் மாநகராட்சிப் பள்ளியில்தான் தொடங்கியது. உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று வீட்டில் பிள்ளைகள் முகம் சுளிக்கும் அதே பண்டங்கள்தான் அங்கேயும். ஆனால் வரிசையாக உட்கார்ந்ததும் கை தானாகத் தட்டுக்குப் போகிறது. பக்கத்தில் இருப்பவன் சாப்பிடுகிறான், செல்போன் இல்லை, கெஞ்ச ஆள் இல்லை, வயிற்றில் பசி இருக்கிறது. வீட்டிலும் ஒரு வேளையாவது எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்தால் இதில் பாதி நடக்கும்.

முடிந்தால் பழ மார்க்கெட்டுக்கோ, அருகில் இருக்கும் காய்க்கடைக்கோ கூட்டிப் போங்கள். “ரெண்டு பழம் நீயே எடு” என்று விட்டுவிடுங்கள். தானே பொறுக்கிய கொய்யாவைத் தானே கழுவிய பிள்ளை, அதைக் கடித்துப் பார்க்காமல் இருக்காது.

“பால்லயாவது கலந்து குடுத்துருவோம்”

சோறு இறங்கவில்லை என்றதும் நாம் ஓடுவது மால்ட் பவுடர் டப்பாவிடம். டப்பாவின் பின்பக்கத்தைப் படித்துப் பாருங்கள், சர்க்கரை எந்த இடத்தில் இருக்கிறது என்று. இந்த மாதிரிப் பானங்களை ‘ஹெல்த் டிரிங்க்’ என்ற பெயரில் வைத்து விற்க வேண்டாம் என்று 2024 ஏப்ரலில் மத்திய வர்த்தக அமைச்சகம் இணைய விற்பனை நிறுவனங்களுக்குச் சொன்னது. உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அப்படி ஒரு வகையே கிடையாது.

வெறும் பாலிலும் அளவு வேண்டும். ஒரு நாளைக்கு அரை லிட்டருக்கு மேல் பால் குடிக்கும் சிறு பிள்ளைக்குச் சோற்றுக்கு வயிற்றில் இடம் இருக்காது. பாலில் இரும்புச்சத்தும் மிகக் குறைவு. தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் சுமார் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருப்பதாக 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வு சொல்கிறது. இந்த நிலைமையில் டீயில் பிஸ்கட் நனைத்துக் கொடுக்கும் பழக்கத்தை நினைத்தால் எனக்குக் கோபமே வரும். டீயில் இருக்கும் டானின், சாப்பாட்டில் இருந்து கிடைக்கிற கொஞ்சநஞ்ச இரும்புச்சத்தையும் உடம்பு எடுத்துக்கொள்ள விடாது.

இன்னொரு நம்பிக்கை, கருப்பட்டியும் நாட்டுச் சர்க்கரையும் போட்டால் கெடுதல் இல்லை என்பது. பல்லுக்கும் எடைக்கும் அவையும் சர்க்கரைதான். பருத்திப்பால் நல்ல பண்டம், அதற்காகத் தினமும் டம்ளர் நிறைய வேண்டாம். பழத்தைப் பழமாகவே கொடுங்கள், ஜூஸாக வேண்டாம்.

நொறுக்குத்தீனியை ஒழிக்க வேண்டியதில்லை, மாற்றினால் போதும். அவித்த தட்டைப்பயறு, மசித்த மொச்சை, கேப்பைப் புட்டு, அவித்த முட்டை, சிறுமலை வாழைப்பழம். முருங்கைக்கீரையோடு எலுமிச்சைச் சாறோ நெல்லிக்காயோ சேர்ந்தால் இரும்புச்சத்து நன்றாக உடம்பில் சேரும். ஒரு எச்சரிக்கை: நிலக்கடலை, பொட்டுக்கடலை, முழுத் திராட்சை இவற்றை ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளையிடம் அப்படியே கொடுக்காதீர்கள். மூச்சுக்குழாயில் சிக்கிக்கொள்ளும். கடலையைப் பொடித்தும், திராட்சையை நீளவாக்கில் நாலாக நறுக்கியும் கொடுக்கலாம்.

“ஓடாத, விழுந்துருவ!”

சாயங்காலம் வண்டியூர் தெப்பக்குளத்தைச் சுற்றி ஊரே கூடுகிறது. குளத்தை ஒட்டிய சுவரில் அம்மாவும் அப்பாவும் உட்கார்ந்திருப்பார்கள், நடுவில் மூன்று வயதுப் பிள்ளை, கையில் மசாலா பொரி. பிள்ளை கீழே இறங்கப் பார்க்கும். “சும்மா உக்காரு.” மறுபடி இறங்கப் பார்க்கும். “கையக் கால வச்சுக்கிட்டு சும்மா இருக்க மாட்டியா?” அதற்கும் அடங்கவில்லை என்றால் செல்போன் வெளியே வரும். காற்று வாங்க வந்த இடத்தில் பெரியவர்களுக்கு ஓய்வு தேவைதான், மறுக்கவில்லை. ஆனால் பிள்ளை நாள் முழுக்கக் காத்திருந்ததே இறங்கி ஓடுவதற்குத்தான். குளத்தை ஒரு சுற்று சுற்றினால் ஒரு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதல். “வாக்கிங் போகலாம்” என்று கூப்பிட்டால் நாலு வயதுப் பிள்ளை பத்தடியில் “தூக்கு” என்று நின்றுவிடும். “அந்த விளக்குக் கம்பத்தை யார் முதல்ல தொடுறது?” என்று கேட்டுப் பாருங்கள். ரோட்டுப் பக்கம் நீங்கள் ஓடுங்கள், பிள்ளை உள்பக்கம் ஓடட்டும்.

ஒன்றிலிருந்து நாலு வயது வரை ஒரு நாளைக்கு மொத்தம் 3 மணி நேரம் உடம்பு அசைய வேண்டும், மூன்று வயதைத் தாண்டினால் அதில் ஒரு மணி நேரமாவது மூச்சு வாங்குகிற ஆட்டமாக இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. ஐந்து வயதுக்கு மேல் தினமும் ஒரு மணி நேரம் அப்படி வியர்க்க வேண்டும். மலைக்க வேண்டாம், மூன்று மணி நேரமும் ஒரே மூச்சில் இல்லை. வாளியில் தண்ணீர் சுமந்து செடிக்கு ஊற்றுவது, வெங்காயப் பையை இழுத்து வருவது, துணி பிழிய ஒரு முனையைப் பிடிப்பது எல்லாம் இதில் சேரும். தெருமுனைக் கடைக்குக்கூட பைக்கில் முன்னால் நிற்க வைத்துக் கூட்டிப் போகிறோமே, அதை நடையாக்கினாலே இருபது நிமிடம் கிடைக்கும். நடுவில் ஆட்டுக்குட்டியை ஒரு தடவை, ஜேசிபியை ஒரு தடவை நின்று பார்க்க வேண்டியிருக்கும், பொறுத்துக்கொள்ள வேண்டும்.

எதிர்த்திசையிலும் ஒரு தவறு உண்டு. நாலு வயதிலேயே ஸ்கேட்டிங், கராத்தே, சிலம்பம் என்று மூன்று வகுப்பில் சேர்த்துவிட்டு, ஆறு மாதத்தில் மெடல் எங்கே என்று கேட்பது. சிலம்பம் அருமையான கலைதான், ஆனால் பிள்ளை போக ஆசைப்பட்டால் போகட்டும். அந்த வயதுக்கு ஓடிப்பிடித்தல், கல்லா மண்ணா, பாண்டி, உப்புமூட்டை போதும். செலவும் இல்லை.

எல்லாவற்றையும்விட மோசமானது ஓட்டத்தைத் தண்டனையாக்குவது. வீட்டுப்பாடம் எழுதாதவனை “கிரவுண்டை மூணு சுத்து ஓடு” என்று அனுப்பிவிட்டு, விளையாட்டு வகுப்பைக் கணக்கு டீச்சருக்குக் கடன் கொடுத்தால், ஓடுவது சந்தோஷம் என்று பிள்ளைக்கு எப்படித் தெரியும்? உறவினர் வீட்டு விசேஷங்களில் “குண்டு”, “நோஞ்சான்” என்று செல்லமாகக் கூப்பிடுவதும் இதில் சேர்த்திதான். அப்படிக் கேலி பட்ட பிள்ளை கூட்டத்தில் ஓடவே கூச்சப்படும்.

மதுரை வெயிலைச் சொல்லாமல் விட முடியாது. பங்குனியில் தொடங்கி ஆனி வரை காலை எட்டு மணிக்கு மேல் மாலை ஐந்தரை வரை பிள்ளைகளை வெளியே ஓடவிடுவது தப்பு. இடைப்பட்ட நேரத்தில் டிவியைப் போடாமல் ஹாலில் சாக்பீஸால் பாண்டிக் கட்டம் போடுங்கள், தரையை அப்புறம் துடைத்துக்கொள்ளலாம். ஐந்தாறு வயதுப் பிள்ளை என்றால் ஞாயிறு விடிகாலையில் கீழக்குயில்குடி சமணர் மலைக்குப் போகலாம். பாறையில் வெட்டிய படிகள், கீழே தாமரைக் குளம், ஆலமரம். பாறை சூடேறுவதற்குள் இறங்கிவிடுங்கள்.

வீட்டுப் பெரியவர்களை என்ன செய்வது?

இதையெல்லாம் படித்துவிட்டு இன்று இரவே “இனிமே போனைக் காட்டி ஊட்டாதீங்க” என்று அப்பத்தாவிடம் சொன்னால் சண்டைதான் மிஞ்சும். நாலு பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கியவர் அவர். சட்டம் பேசாமல் அவரையும் பிள்ளையோடு சேர்ந்து அதே நேரத்தில் சாப்பிட உட்காரச் சொல்லுங்கள். எல்லோரும் சாப்பிட்ட பிறகே தான் சாப்பிட்டுப் பழகியவர், முதல் இரண்டு நாள் கூச்சப்படுவார். “உங்களோட உக்காந்தா அவன் நல்லா சாப்பிடுறான் அத்தை” என்று ஒரு வார்த்தை சொன்னால் உட்கார்ந்துவிடுவார். அவர் கையில் சோறு இருக்கும்போது போனைப் பிடிக்க முடியாது. பிள்ளையும் தன் தட்டை விட்டுவிட்டு அவர் தட்டிலிருக்கும் கீரையில்தான் முதலில் கை வைக்கும்.